அம்மையுமல்ல, ஆத்தாளுமல்ல

(செஞ்சியில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



இன்று நாம் சீழைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முகஞ்சுளிக்க வேண்டாம். ஒருவருக்குக் கடுஞ்சுரம் கண்டு, உடம்பெல்லாம் சிவந்து, அதன்மேல் ஊசிமுனை போன்ற சீழ்க்கொப்புளங்கள் கணக்கின்றிப் புறப்பட்டால் நம் வீடுகளில் நடப்பதென்ன? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். "ஆத்தா இறங்கியிருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபிப்பாள்" என்கிறோம். மேல்மலையனூருக்கு நேர்ந்துகொண்டு பேசாமலிருக்கிறோம்.

ஆத்தாளின் பெரிய ஆயுதமென்று சொல்லப்பட்ட பெரியம்மை 1975 மே மாதத்தோடு இந்தியாவில் ஒழிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. அம்மை குத்துகிறவனின் ஊசிக்கு அஞ்சி ஓடுகிற தெய்வத்தின் யோக்கியதையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாம் சொல்ல வந்தது அபூர்வமான வேறொரு வியாதி. சோரியாசிஸ் என்கிற செதில்படையின் இனத்தில் வைத்துப் பேசப்படுவது. ஆனால் உயிரையே வாங்கக்கூடியது. 1872இல் வியன்னா வைத்தியர் ஹீப்ரா ஐந்து கர்ப்பிணிகளிடம் இதைக் கண்டு எழுதினார். அவர்களில் நால்வர் மாண்டார்கள். 1910இல் வான் சும்புஷ் என்பவர் மற்றவர்களுக்கும் இது வருவதை விவரித்தார். இதிலுள்ள விந்தை என்னவென்றால், அந்தக் கொப்புளத்துச் சீழை எடுத்துச் சோதித்தால் அதில் கிருமியே இராது! கிருமியில்லாதது எப்படி ஒட்டும்? இந்நோயாளியைத் தனியே ஒதுக்கி, தட்டையும் பாயையும் பிரித்து வைக்க ஒரு நியாயமும் இல்லை.

கிருமியில்லாமல் சீழ் எப்படி வந்தது? எதிரே நிற்கும் ராஜகிரிக் கோட்டையைப் பாருங்கள். எதிரி வந்தால் காவற்காரன் முரசடிப்பான், படை ஓடிவரும். நம் தோலில் அந்த முரசுச் சத்தம் இன்டர்லூக்கின் 36 என்கிற புரதம். ஓடிவரும் படை, நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுக்கள். சத்தம் அளவு மீறாதபடி, கேட்கிற காதிலேயே போய் உட்கார்ந்து அதை அடைக்கிற இன்னொரு புரதமும் உடம்பில் உண்டு. அந்தக் காதடைப்பான் பழுதானால், சிறு காரணத்துக்கும் முரசு ஓயாமல் கேட்கும். எதிரியில்லாத இடத்தில் படை குவியும். குவிந்த படையே சீழாகிறது. இதில் பூர்வஜன்ம பாபம் எங்கே வந்தது?

2011இல் துனிசியா நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, அந்தக் காதடைப்பானைச் செய்கிற ஜீனின் பிழையைக் கண்டுபிடித்தார்கள். தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு பிழைகளும் சேர்ந்தபோது அக்குடும்பங்களில் நோய் வந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் இந்தப் பிழை இருப்பதில்லை. ஆனாலும் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவதே உரிமையென்று பேசுகிறவர்கள், ஒரே பிழை இரு வழியிலும் வந்து சேர அது எவ்வளவு வசதியான பாதையென்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

முரசைக் கிளப்பும் காரணங்களில் மற்ற தொற்று உண்டு, கர்ப்பமுண்டு. ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் உண்டு. இந்தக் கடைசிச் சங்கதியைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். செதில்படைக்காரர் சந்தையில் ஒரு சூரணம் வாங்குகிறார். நாலு நாளில் படை மறைகிறது. "கைராசிக்காரர்" என்று ஊரெல்லாம் புகழ்கிறது. அந்தச் சூரணத்தில் இரகசியமாய் ஸ்டீராய்டு கலந்து விற்கிற புரட்டர்களும் உண்டு. கையில் காசு தீர்ந்து ஒருநாள் நிறுத்தினால், மறைந்த படை சீழ்க்கொப்புளமாய்க் கிளம்பலாம். உடனே குற்றம் ஆத்தாள் தலையில்! சூரணம் விற்றவனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பானா?

மருந்துண்டா என்பீர்கள். அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின் முதலியவை பலகாலமாய் உண்டு. கர்ப்பிணிக்கு அசிட்ரெட்டின் ஆகாது. ஆகையால் தானே கடையில் வாங்குகிற காரியமல்ல. அந்தக் காதையே அடைக்கிற ஸ்பெசோலிமாப் என்னும் ஊசிமருந்தை 53 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 35 பேரில் 19 பேருக்கு ஒரே வாரத்தில் கொப்புளம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வெறும் ஊசி பெற்ற 18 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. 2022இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. விலையோ ஏழைக்கு எட்டாதது. அதற்காகச் சர்க்காரைக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. உண்டியலில் போடுகிற குரலை அங்கே காட்டுங்கள்.

இது சின்னம்மையா, சீழ்ச் சோரியாசிஸா என்று பூசாரிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. சோதிக்கிற வைத்தியருக்குத் தெரியும். முண்டியம்பாக்கத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சுரத்தோடு கொப்புளம் கண்டால் அன்றைக்கே வண்டி பிடியுங்கள். அதுவரை சாப்பிட்ட மாத்திரை, சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.