பிராவிடண்ட் பண்டில் பிடித்த வரி

வருமான வரி முதலாளிக்கல்லவா, கூலிக்காரனுக்கு ஏது என்று அறுப்புக்குப் போகும் தோழர்கள் கேட்கிறார்கள். மில்லுக்குப் போன உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்!

ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியுமுன் வேலையை விட்டு, பிராவிடண்ட் பண்டில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், நூற்றுக்குப் பத்து வரி பிடிக்கிறார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு இருபது. 80,000 ரூபாயில் 16,000 போய்விடும்; அது நம் பேரில் வரவும் ஏறாது.

ஆனால் மில்லை மூடியதால் வெளியேறியவருக்கும், நோயால் வேலை இழந்தவருக்கும் இந்த வரியே கிடையாது. அதனால்தான் சொல்கிறோம்: மூடுகிற நேரத்தில் நீட்டுகிற தாளில் 'ராஜினாமா' என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு மில்லில் சேர்ந்தால் பண்டுக் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சர்வீசும் கூடும்.

வரி கட்டுமளவு வருமானம் இல்லையென்று பணம் கேட்கும்போதே உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பிடித்துவிட்டார்களா? ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும். சும்மா இருந்தால் சர்க்காரிடமே கிடக்கும். கெடு வழக்கமாக ஜூலை 31.

நாகர்கோவிலுக்கு அலைந்து ஆடிட்டருக்குக் கூலி கொடுக்க வேண்டாம். பான், ஆதார், பாங்குப் புத்தகத்தோடு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு வாருங்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று முதலில் கம்ப்யூட்டரில் பார்ப்போம்.