டிஸ்பென்சரிக்கும் கணக்கு வேண்டும்

(பதுளையில் தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் எடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கு உண்டு. குறைந்தால் அரைப் பேர்தான். நமக்குக் கிடைக்கும் வைத்தியத்துக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

தோட்டத்தில் வைத்திய வசதி என்பது துரைமாரின் தயவல்ல. 1872இலேயே அதற்குச் சட்டம் வந்தது. 1912இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. ஆனால் கட்டடமும் மருந்துப் பெட்டியும் இருந்தால் மட்டும் நல்ல வைத்தியம் ஆகிவிடாது.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முறை நடக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு தாய் இறந்தால், சுகாதார அமைச்சுக்கு அறிவித்தே ஆகவேண்டும். மருத்துவ மாது முதல் வைத்திய நிபுணர் வரை கூடி, எங்கே தாமதம், எது இல்லாமல் போனது என்று ஆராய்கிறார்கள். ஒருவரைத் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்காக.

உயிர் போகும்வரை காத்திராமல், அதே முறையைத் தோட்டத்திலும் கேட்கிறோம். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ இரவில் வாகனம் கிடைக்காவிட்டால் அதை எழுதவேண்டும். பிரஷர் மாத்திரை தீர்ந்த நாளையும், கிளினிக்கில் தமிழில் விளங்கப்படுத்த ஆளில்லாத நாளையும் எழுதவேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் தமிழில் ஒரு முறைப்பாட்டுப் புத்தகம் வேண்டும். மாதம் ஒருமுறை வைத்திய உதவியாளர், மருத்துவ மாது, நிர்வாகம், நமது தலைவர், தலைவி ஒன்றாக இருந்து அதைப் படிக்கவேண்டும். போன மாதக் குறையில் எது திருந்தியது என்று பிரட்டுக்களத்தில் அறிவிக்கவேண்டும்.

முறைப்பாடு எழுதும் தொழிலாளியையும், குறையை ஒப்புக்கொள்ளும் உத்தியோகத்தரையும் யாரும் பழிவாங்கக் கூடாது. பயம் இருக்கும் இடத்தில் உண்மை புத்தகத்தில் ஏறாது. அந்தப் பாதுகாப்புக்குச் சங்கமே பொறுப்பு.