விடலைப் பருவத்துத் தந்தையர்

(ஆண்டு விழாவில் சங்கத்தின் சமூக நலப் பிரிவினர் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில் இத்தகையதொரு பொருளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பதற்கு முதற்கண் உங்கள் பொறுமையை வேண்டுகிறோம். மீசை அரும்பும் வயதிலேயே தந்தையாகிவிட்ட சிறுவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். நம் குடியிருப்பில் அப்படி எவரும் இல்லை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இருந்தாலும் வெளியே தெரியாது. "பையன் ஊரில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 6.8 பேர் தாயானவர்கள், அல்லது கருவுற்றிருந்தவர்கள். இவர்களை மணந்தோரில் பெரும்பாலோர் வயதில் மூத்த ஆடவர் என்பது உண்மையே. ஆயினும் 25 முதல் 29 வயது வரையுள்ள ஆடவரில் நூற்றுக்கு 17.7 பேர் 21 வயது நிறையுமுன் மணமுடித்தவர்கள் என்றும் அதே ஆய்வு கூறுகின்றது. முதலாவது எண்ணை மேடைதோறும் கேட்கிறோம். இரண்டாவதை நாங்கள் கேட்டது மிக அரிது.

குறை கூறப் புகுமுன் எங்கள் குறையைக் கூறிவிடுகிறோம். 'தாய்–சேய் நலம்' என்ற தொடரைக் கேட்டுக் கேட்டே இப்பணிக்கு வந்தவர்கள் நாங்கள். அத்தொடரில் தந்தை இல்லை. பல்லாண்டுகளாக ஒரு வீட்டினுள் நுழைந்ததும் பெண்ணைக் கேட்போம், அவள் அன்னையைக் கேட்போம், பாட்டியைக்கூடக் கேட்போம். வாயிற்படியில் தலைகுனிந்து நிற்கும் பையனை உட்காரச் சொன்னதில்லை. அவன் குற்றவாளி, அல்லது ஓடிப்போகக்கூடியவன், அல்லது எதற்கும் உதவாதவன். இம்மூன்றில் ஒன்றை மனத்தில் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவோம். வன்முறை நேர்ந்த இடத்தில் எங்கள் பரிவு முழுவதும் பெண்ணுக்கே உரியது. அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் இரு குழந்தைகள் அறியாமையால் தடுமாறிய இடத்திலும் நாங்கள் அதே கண்ணோடுதான் பார்த்தோம்.

சட்டம் என்ன கூறுகின்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெண் இசைந்தாள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அவள் கருவுற்றுவிட்டால் குற்றம் இன்னும் கொடியதாகக் கருதப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதற்குரிய மிகக் குறைந்த தண்டனையே 20 ஆண்டுச் சிறைவாசம். பையனுக்கு 18 வயது நிறைந்திருந்தால் அவன் நிற்க வேண்டிய இடம் இதுவே. நிறையவில்லையாயின் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்வான். 16 வயது நிறைந்தவனாயின், அவனைப் பெரியவர்களைப் போல் விசாரிக்கலாமா என்று ஆராயவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. அக்குழுமத்தில் நடுவர் ஒருவரோடு சமூகப் பணியாளர் இருவரும் அமர்கின்றனர். எனவே, சமூகப் பணியாளர் அவனை எவ்விதம் காண்கிறார் என்பது வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடுவதில்லை.

"ஒரு தாலியைக் கட்ட வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று பெரியவர்கள் கூறுவார்கள். தீராது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணுக்குத் திருமண வயது 21. இளவயது மணத்தை முன்னின்று நடத்திய பெற்றோரும் தண்டனைக்குரியவர்கள். மனைவியே ஆயினும் 18 வயது நிறையாதவளைக் கூடுதல் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டது. 19 வயதுப் பையன் வாக்களிக்கலாம். 18 வயது நிறைந்த பெண்ணை மணக்க இயலாது. இந்த விசித்திரத்தை எங்களாலும் அவனுக்கு எளிதில் விளக்க முடிவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பையனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கைக்காக அவனைக் கண்டோம். ஊரும் பேரும் கூறச் சட்டம் தடை விதிக்கிறது, கூறவும் மாட்டோம். வயது 17. அவன் பழக்கவழக்கம், நண்பர்கள், படிப்பை விட்ட காரணம் எல்லாவற்றையும் கேட்டோம். ஒவ்வொரு சொல்லாக விடையளித்தான். எழுந்திருக்கும்போது அவன் கேட்டது ஒன்றே: "குழந்தை பால் குடிக்குதா அக்கா?" அதற்கு எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. அவ்வளவு கேள்விகளில் குழந்தையைப் பற்றி நாங்கள் ஒன்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

அன்று முதல் எங்கள் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டோம். பையனைத் தனியே அமர்த்திப் பேசுகிறோம். வழக்கின் நிலையை அவனுக்கு விளங்கும் தமிழில் கூறுகிறோம். பிணையில் விடுதலே சிறுவர்க்குப் பொது விதி என்பதைப் பெற்றோர் பலர் அறியார். விட்ட படிப்பைத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகத் தொடர வழிகாட்டுகிறோம். குழந்தையைக் காண்பது பெண்ணின் விருப்பத்தையும் நீதிமன்றத்தின் அனுமதியையும் பொறுத்தது. அவை கிடைக்கும் வரை அவன் காத்திருக்கத்தான் வேண்டும். அக்காத்திருப்பில் அவன் தவறான வழியில் செல்லாதிருக்க ஒரு மூத்த ஆண் துணை தேவைப்படுகிறது. எங்கள் பிரிவில் பெண்களே மிகுதி. அவனோ பெண்களிடம் பாதியைத்தான் சொல்வான்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் கூறுகிறோம். இத்தகைய நிகழ்ச்சியை அறிந்தவர் எவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ அறிவித்தல் சட்டக் கடமை. எங்களிடம் கூறினால் நாங்கள் அறிவித்தே தீர வேண்டும். இதனை அஞ்சிச் சில வீடுகள் கருவுற்ற பெண்ணை மருத்துவரிடமே காட்டுவதில்லை. அதனால் விளைந்த இரத்தச் சோகையையும் குறைப் பிரசவத்தையும் நாங்கள் கண்டிருக்கிறோம். வழக்கை எங்களால் தடுக்க இயலாது. காவல் நிலையத்திற்கும் குழுமத்திற்கும் உடன் வர இயலும்.

நம் சங்க நூலக அறை ஞாயிறு மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. அதனை 2 மணி நேரம் எங்களுக்குத் தர நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். ஓய்வு பெற்ற ஆண் அன்பர்கள் இருவர் மூவர் எங்களோடு அமர முன்வந்தால், இந்தப் பையனையே முதலில் அவர்களிடம் அழைத்து வருவோம். அவன் வழக்கு இன்னும் முடியவில்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்று விசாரித்து அவனிடம் கூறிவிட்டோம்.