மண்ணுக்கும் ஸ்கேன் வேணும்!



மண்ணின் நோயைச் சரியாகச் சொல்வது உழவரின் அனுபவமா, வானத்துச் செயற்கைக்கோளா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் கேட்டாரு: "மண்ணை அள்ளிப் பார்த்தே எங்க தாத்தா சொல்லிடுவாரு. அதுக்கு எதுக்குய்யா ராக்கெட்டு?" ஒத்துக்கிறேன். ஆனா தாத்தா தன் வயலுக்குத்தானே சொல்லுவாரு? அடுத்த ஜில்லாவுக்கு யாரு சொல்றது? (சிரிப்பு)

மண் ஒரே நாளில் சாவதில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்மானம் தெரியாது. நம்ம வீட்டுப் பிள்ளை வளர்றது நமக்குத் தெரியுதா? வருஷத்துக்கு ஒரு முறை வர்ற மாமாதான், "என்னடா, இப்படி வளர்ந்துட்டே!" என்கிறார். அந்த மாமாதான் ஐயா செயற்கைக்கோள்! (கைதட்டல்)

அது பார்ப்பது எப்படி? நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டால் பசுமை எங்கே குறையுதுன்னு தெரிஞ்சுடும். 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணுக்குப் போனதிலிருந்து நமக்கே சொந்தமாக அந்தக் கண் இருக்கிறது.

அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021-ல் ஒரு நிலப்படத் தொகுப்பை வெளியிட்டது. 2003-05-ல் சீரழிந்திருந்த நிலம் 9 கோடியே 45 லட்சம் ஹெக்டேர். 2018-19-ல் 9 கோடியே 78 லட்சம்! நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம்.

பாலையாவது என்றால் உடனே ராஜஸ்தான் மணல்தான் நினைவுக்கு வரும். ஆனா முதல் குற்றவாளி காற்று இல்லீங்க, தண்ணீர்! மழைநீர் மேல்மண்ணை அரிப்பதால் கெட்ட நிலம்தான் அதிகம். காடும் மலையும் உள்ள ஜார்க்கண்டில் பாதி நிலத்துக்கு மேல் சீரழிந்திருக்கிறது. இதை எந்தத் தாத்தா சொன்னாரு?

"செயற்கைக்கோள் வந்து வரப்பு கட்டுமா?" என்றார் எதிரணி அம்மையார். ஸ்கேன் எடுக்கிற மெஷினாம்மா ஆபரேஷன் பண்ணும்? (பலத்த சிரிப்பு) வரப்பு கட்டறது உழவர்தான். எங்கே கட்டணும்னு காட்டறது இது.

2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேரை மீட்போம்னு 2019-ல் நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. மீட்டோம்னு காகிதத்தில் யார் வேணும்னாலும் எழுதலாம். ஆனா மேலே இருந்து எடுத்த படத்தில் பசுமை தெரிஞ்சாகணுமே! அந்தச் சாட்சிக்காகவே தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)