ஸ்டியரிங்குக்கு ஆண் பெண் தெரியுமா?

(திருநெல்வேலியில் பேசியதன் சுருக்கம்)



தாமிரபரணிப் பாசன வயல்களில் அறுத்த நெற்கட்டைத் தலையில் சுமந்து வரப்போடு நடப்பவள் யார்? பெண்தான். அங்கே 'பெண்பிள்ளைக்குப் பலம் போதாது' என்று எவரும் சொல்லக் காணோம். சம்பளம் வரும் ஸ்டியரிங்கைத் தொட்டால்தான் அவள் பலஹீனம் ஞாபகத்திற்கு வருகிறது!

1993-ல் வசந்தகுமாரி அம்மையார் நாகர்கோவிலில் அரசாங்க பஸ் டிரைவரானார். ஆசியாவிலேயே முதல்வர் என்று பேர்பெற்றார். திருவனந்தபுரம் வரை ஓட்டினார். 2017-ல் ஓய்வு பெற்றார். அதனால் யார் குடி முழுகிப் போயிற்று?

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் டிரைவராகவோ கண்டக்டராகவோ நுழையாதவள் நாளைக்குச் செக்கிங் இன்ஸ்பெக்டராய் எப்படி வருவாள்?

ஆகையால் மகளுக்கு நகை செய்யும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, முதலில் கார் லைசென்ஸும், ஒரு வருஷம் கழித்து ஹெவி லைசென்ஸும் வாங்கிக் கொடுங்கள்.