கை கழுவிய பிறகே கட்டுச்சோறு

(குறுவள மையக் கூட்டத்தில் களப்பயணம் குறித்து ஆற்றிய உரை)



நம் பகுதிப் பள்ளிகளில் களப்பயணம் என்றால் பெரும்பாலும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, அப்படியே மேலே ஏற்காடு. அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், வண்டி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். பிள்ளைகள் எங்கே கை கழுவுவார்கள் என்பது அந்தப் பட்டியலில் வருவதில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"நம் பிள்ளைகள் ஆடு, மாடு, கோழியோடு வளர்பவர்கள், அவர்களுக்கு என்ன வந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் சாணி அள்ளிய கையோடு சோற்றில் கை வைத்தால் வீட்டில் அம்மா ஒரு சத்தம் போடுவார். களப்பயணத்தில் 40 பிள்ளைகளுக்கும் அந்த அம்மா நாம்தான்.

2009இல் இங்கிலாந்தில் காட்ஸ்டோன் என்ற பண்ணையில் நடந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் ஆடுகளைத் தொட்டு விளையாடும் இடம் அது. அங்கிருந்து பரவி 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற கிருமி தொற்றியது. அவர்களில் 76 பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கி, சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது.

அந்த விலங்குகள் நோயுற்றவையாகத் தெரியவில்லை. இக்கிருமி ஆடு மாடுகளின் குடலில் அவற்றுக்குத் தொல்லை தராமலே இருக்கும். சாணத்தின் வழியே மயிர், வேலிக்கம்பி, செருப்பு என எங்கும் ஒட்டும். நூறுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே நோய் வரலாம். திருவிழாக் கடையில் வாங்கும் வண்ணக் கோழிக்குஞ்சும் சால்மோனெல்லாவை இப்படித்தான் கொண்டுவரும். குஞ்சுக்கு முத்தம் கொடுக்காத பிள்ளை உண்டா? கையால் பிசைந்து உண்பவர்கள் நாம். அதனால் கைதான் முக்கியம்.

'சானிடைசர் வைத்திருக்கிறோமே' என்று இருந்துவிட வேண்டாம். அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்லவும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

ஆகவே பயண நிரலை இப்படி அமைப்போம். முதலில் விலங்குகள், அடுத்து கை கழுவுதல், அதன் பிறகே கட்டுச்சோறு. கூண்டருகே தின்பண்டமோ தண்ணீர் பாட்டிலோ கையில் இருக்கக் கூடாது. சாணம் கிடக்கும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. குழாய் இருக்குமா என்று முன்பே கேட்டறிவோம். இல்லையென்றால் ஒரு கேன் தண்ணீரும் நான்கு சோப்பும் வண்டியில் ஏறட்டும். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் நின்று பார்க்கட்டும்.

காய்ச்சலும் சளியும் உள்ள பிள்ளையை வேறொரு நாள் அழைத்துச் செல்வோம். நோய் மனிதரிடமிருந்து விலங்குக்கும் போகும். 2021 ஜூனில் வண்டலூர் பூங்காவில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் நீலா உட்பட இரண்டு இறந்தன. அப்போது மக்களிடையே பரவிய அதே டெல்டா வகைதான் அந்தச் சிங்கங்களிடமும் கண்டறியப்பட்டது.

கடைசியாக, ஏற்காட்டுக் குரங்குகள். அவற்றுக்குத் தீனி கொடுக்க விடாதீர்கள். மீறிக் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் வெறிநோய்த் தடுப்பூசி கட்டணமில்லாமல் போடுவார்கள். எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

பிள்ளைகள் கீறலை மறைப்பது திட்டுக்குப் பயந்துதான். வண்டி கிளம்பும்போதே, "எது கடித்தாலும் உடனே சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

களப்பயணத்தை நிறுத்த வேண்டாம். மானை நேரில் பார்த்த பிள்ளைக்குப் பாடப்புத்தக மான் உயிர்பெற்றுவிடும். நம் பட்டியலில் சோப்பு என்று ஒரு வரி சேர்ந்தால் போதும்.