ஒரு கட்சி நாடும் நம்மூர் 493 வாக்கும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகை விழாவில் ஆற்றிய உரை)

 

சீன அரசியலைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். "அண்ணாச்சி, சீனா எங்க கிடக்கு, ஓட்டப்பிடாரம் எங்க கிடக்கு?" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். எனக்குச் சொந்த ஊர் ஓட்டப்பிடாரம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் சுந்தரராஜ், புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியை வென்றார். வித்தியாசம் 493 வாக்கு. இரண்டு தெருக்காரர்கள் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

சீனாவில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. 1949 அக்டோபர் 1 முதல் இன்றுவரை அங்கே ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றுதான். வேறு கட்சியே கிடையாது என்று எண்ண வேண்டாம். எட்டுச் சிறு கட்சிகள் உண்டு. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்டுதான் அவை இருக்க முடியும். 'ஆட்சியை எங்களிடம் கொடுங்கள்' என்று மக்களிடம் கேட்க முடியாது.

கட்சியில் சுமார் 10 கோடி உறுப்பினர்கள். 2022 மாநாட்டில் அமைந்த மத்தியக் குழுவில் 205 முழு உறுப்பினர்கள், அரசியல் குழுவில் 24 பேர், அதன் நிலைக்குழுவில் 7 பேர். கோபுரம் மேலே போகப் போகக் குறுகுவது போலத்தான்! உச்சியில் பொதுச் செயலாளர் ஷி ஜின்பிங். ராணுவமும் கட்சிக்கே கட்டுப்பட்டது.

நாடாளுமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஏறக்குறைய 3,000 பேர். குடியரசுத் தலைவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற விதியை 2018 மார்ச்சில் நீக்கினார்கள். ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. நம்ம ஊர்க் கோயில் கமிட்டியில்கூட இத்தனை ஒற்றுமையைப் பார்க்க முடியாது!

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1978-க்குப் பின் டெங் சியாவோபிங் காட்டிய வழியில் கோடிக்கணக்கான மக்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள். ஆனால் அதே கட்சியின் ஆட்சியில்தான் 1959 முதல் 1961 வரை பெரும்பஞ்சம். மேலிடத்துக்குப் பிடித்த விளைச்சல் கணக்கைக் கீழிருந்தவர்கள் எழுதி அனுப்பினார்கள். 'இது பொய்க் கணக்கு' என்று சொல்ல ஓர் எதிர்க்கட்சி இல்லை, பத்திரிகை இல்லை. கோடிக்கணக்கானோர் மாண்டார்கள்.

அப்படியானால் நாம் யோக்கியமா? அதையும் பார்ப்போம். முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். எங்கள் உறுப்பினரும் அதில் ஒருவர். கட்சி தாவுவதைத் தடுக்க 1985-இல் வந்த சட்டமே அதற்கு ஆதாரம். 2019 மே இடைத்தேர்தல் வரை 20 மாதம் எங்கள் தொகுதிக்கு ஆளே இல்லை. இடையில்தான் 2018 மே 22, தூத்துக்குடித் துப்பாக்கிச்சூடு. 13 உயிர்கள் போயின. எங்கள் சார்பில் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க நாற்காலி காலி!

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. காவல்துறை மீது குறை கண்ட அதன் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இடையில் மக்கள் வாக்களித்து 2021-இல் ஆட்சியையும் மாற்றியிருந்தார்கள். போன உயிர் திரும்பவில்லை. ஆனால் நடந்தது ஏட்டில் ஏறியது. பீஜிங் தியானன்மென் சதுக்கத்தில் 1989 ஜூனில் நடந்ததற்குச் சுதந்திரமான விசாரணை இன்றுவரை இல்லை. அதைப் பற்றிப் பேசவே அங்கே முடியாது.

எங்கள் ஊரில் பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கும்வரை கொழும்புப் பாதை வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தது. போட்டிக்கு ஒரு கப்பல் வந்த பிறகுதான் அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். ஆட்சிக்கும் அதே கதைதான். மாற்று ஒன்று துறைமுகத்தில் நின்றால்தான் ஆள்பவனுக்குப் பயம் இருக்கும்.

மாணவச் செல்வங்களே, வாக்களித்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் உறுப்பினர் உங்களுக்காகப் பேசுகிறாரா, கட்சித் தலைமைக்குக் கை மட்டும் தூக்குகிறாரா என்று கேளுங்கள். எல்லோரும் கைதூக்கிகளாகிவிட்டால், கட்சிகள் பத்து இருந்தும் பயனில்லை.